துணையை இழந்தவரின் இருதயம்

லயத்தில் ஒரு சாவு விழுந்து, ஆறு மாதத்துக்குள் அதே வீட்டில் இன்னொரு சாவும் விழுந்துவிட்டால், "அவர் கூப்பிட்டுக்கொண்டார், அந்த அம்மாவும் போய்விட்டது" என்று சொல்வது நம்மிடையே பழக்கம். அப்படிச் சொல்வதில் ஓர் ஆறுதல் உண்டு. நாற்பது, ஐம்பது வருடம் ஒரே அடுப்பில் பொங்கி உண்டவர்கள் பிரியாமல் போனார்கள் என்ற ஆறுதல் அது. ஆனால், அந்த இரண்டாவது சாவை விதியென்று விட்டுவிடலாமா? பல வீடுகளில் அது கவனித்திருந்தால் தள்ளிப்போயிருக்கக்கூடிய மாரடைப்பாகவே இருக்கின்றது.

மருத்துவ உலகம் இதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கின்றது. இங்கிலாந்தில் கொலின் மரே பார்க்ஸ் என்ற உளமருத்துவரும் அவருடைய தோழர்களும், மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1969இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்துக்குள் 213 பேர் இறந்திருந்தார்கள். மனைவி உயிரோடிருந்த அதே வயது ஆண்களோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு நாற்பது பங்கு அதிகம். அதிகமாக நேர்ந்த மரணங்களில் பெரும்பகுதி இருதய நோயால் வந்தவை. 2014இல் அதே நாட்டிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, துணையை இழந்த முப்பதாயிரம் முதியவர்களைப் பார்த்தது. முதல் 30 நாட்களில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் பதினாயிரம் பேருக்குப் பதினாறு பேர். துணை இருந்தவர்களிடையே அது எட்டுப் பேர்.

இந்தக் கடைசிக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆபத்து இரு மடங்காகின்றது என்பது உண்மை. ஆனாலும் பதினாயிரம் பேரில் 9,984 பேர் அந்த மாதத்தை மாரடைப்போ பக்கவாதமோ இல்லாமலே தாண்டிவிடுகிறார்கள். ஆகவே துணையை இழந்த ஒருவர் "அடுத்தது நான்தான்" என்று பயந்து கிடக்க வேண்டியதில்லை. கவனம் தேவைப்படுவது முக்கியமாக ஏற்கெனவே பிரஷர், சீனி, நெஞ்சுவலி உள்ளவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், வயது போனவர்களுக்கும்தான்.

உடம்புக்குள் நடப்பது

கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்தால் என்ன நடக்குமென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். அந்த ஓட்டத்துக்கு உடம்பைத் தயார் செய்வது அதிரினலின் என்ற சுரப்பு. இருதயம் வேகமாக அடிக்கிறது, குருதியமுக்கம் ஏறுகிறது, காயம் பட்டால் இரத்தம் சீக்கிரம் உறைவதற்காக இரத்தமே கொஞ்சம் ஒட்டும் தன்மை பெறுகிறது. குளவி போனபின் அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

துணையின் சாவும் உடம்புக்கு இதே செய்தியைத்தான் கொடுக்கின்றது. வித்தியாசம் என்னவென்றால், இந்தக் குளவி போவதில்லை. நாட்கணக்காக, வாரக்கணக்காக அதிரினலினும் கோர்ட்டிசோல் என்ற மற்றச் சுரப்பும் கூடியே இருக்கின்றன. தூக்கம் கெடுகின்றது, சாப்பாடு இறங்குவதில்லை. வருடக்கணக்காகக் கொழுப்புப் படிந்து ஒடுங்கிய குழாய் ஒன்று இருதயத்தில் இருந்தால், அந்த இடத்தில் இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்ள இதைவிட வாய்ப்பான வேளை வேறில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய இரண்டாயிரம் மாரடைப்பு நோயாளிகளை விசாரித்து 2012இல் வெளியான ஆய்வு, நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பின் ஆபத்து வழக்கத்தைவிட 21 மடங்கு உயர்கிறது என்றும், பிறகு நாளுக்கு நாள் குறைகிறது என்றும் கண்டது. சாவு வீட்டில் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவரே அன்றைக்கு அந்த வீட்டில் மிகவும் கவனிக்க வேண்டிய நோயாளி. நாம் கவனிப்பதோ பந்தலையும் பெட்டியையும்.

இன்னொரு விதமும் உண்டு. 1990இல் ஜப்பானிய வைத்தியர்கள் ஒரு புதிய இருதய நோயைப் பற்றி எழுதினார்கள். நோயாளிக்கு மாரடைப்புப் போலவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். ஆனால் குழாய்களைப் பார்த்தால் அடைப்பே இல்லை. இருதயத்தின் இடது கீழறை மட்டும் அடிப்பாகம் உப்பி, கழுத்து ஒடுங்கிய பானை போல மாறியிருந்தது. ஜப்பானிய மீனவர் கணவாய்க்கு இனமான எண்காலியைப் பிடிக்கக் கடலில் இறக்கும் பானை அப்படித்தான் இருக்கும். அதன் பெயர் தகோட்சுபோ. நோய்க்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. திடீர்த் துக்கம், பயம், அதிர்ச்சி ஆகியவற்றின் பின் இது வருகின்றது. வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள். உரிய வேளையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இருதயம் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் சிலர் முதல் நாட்களிலேயே இறப்பதும் உண்டு. "நெஞ்சு வெடித்துச் செத்தாள்" என்று நம் கிழவிகள் சொல்லி வந்ததில் இவ்வளவு உண்மை இருக்கின்றது.

வீடும் போன குடும்பத்தில்

ஆய்வுகளில் வரும் இங்கிலாந்துக்காரருக்குத் துணை மட்டும்தான் போனது. நமது வாசகர்கள் பலருக்குத் துணையோடு வீடும், மரக்கறித் தோட்டமும், அயலும் சேர்ந்து போயிருக்கின்றன. 1977இலும் 1983இலும் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கமம் செய்து, 2009 வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மண்சரிவுகள் அதில் பெரும்பங்கு.

இப்படிப்பட்ட இழப்பில் இருதயத்துக்கு வரும் முதல் கேடு மிகச் சாதாரணமானது: கிளினிக் கொப்பியும் மாத்திரைப் பையும் மண்ணுக்குள் போய்விட்டன. அடுத்த கிளினிக் நாள் எதுவென்றும் தெரியாது. "இந்த நேரத்தில் எனக்கு மாத்திரை ஒரு கேடா" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அட்டெனோலோல், பைசோப்ரோலோல் போன்றவற்றை நிறுத்தினால் இருதயத் துடிப்பும் அமுக்கமும் முன்பைவிட மோசமாக ஏறும். கொப்பி இல்லையென்றால் பரவாயில்லை. பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி எதுவாயினும் போய், என்ன நோய்க்கு, எத்தனை மாத்திரை, எந்த நிறத்தில் எடுத்தீர்கள் என்று சொன்னால் பிரஷரும் சீனியும் பார்த்துப் புதிதாக எழுதித் தருவார்கள். காசு இல்லை. புதுக் கொப்பியின் முதல் பக்கத்தை யாராவது பிள்ளையிடம் சொல்லிக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேடு பற்றிக் கதைக்கவே வெட்கப்படுகிறோம். இறந்தவரின் மிச்ச மாத்திரைகளை வீணாக்க மனமில்லாமல் உயிரோடிருப்பவர் விழுங்குவது. "அவருக்கும் பிரஷர், எனக்கும் பிரஷர்" என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஒருவருக்குப் பொருந்திய மருந்து இன்னொருவருடைய சிறுநீரகத்தையோ, இழுப்பு வியாதியையோ கெடுக்கலாம். மிச்சத்தைத் தோட்ட டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரி மருந்தகத்திலோ கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது: பல வீடுகளில் மாத்திரையை நினைவுபடுத்தியவரே இறந்தவர்தான். காலையில் தேத்தண்ணியோடு மாத்திரையையும் நீட்டிய கை இல்லாமல் போய்விட்டது. இந்த வேலையை ஒரு மகனோ, மருமகளோ, பக்கத்துக் காம்பராப் பிள்ளையோ பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை.

இதுவரை பிரஷரே பார்த்திராதவர்களும் பலர். 35 வயது தாண்டியவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2011 முதல் இவை நடைபெறுகின்றன. மலையில் நாள் முழுதும் ஏறி இறங்குகிறவளுக்கு இருதய நோய் வராது என்ற நம்பிக்கை தோட்டங்களில் பலமாக இருக்கின்றது. அது தவறு. நடை நல்லதுதான். ஆனால் உப்பும், வெற்றிலையோடு சேர்ந்த புகையிலையும், விறகடுப்புப் புகையும் அந்த நன்மையைத் தின்றுவிடுகின்றன. போதாததற்குத் தோட்டப் பெண்களிடம் இரத்தசோகை பரவலாக உண்டு. இரத்தம் குறைந்த உடம்பில் இருதயம் இரட்டை வேலை செய்கின்றது. ஏற்றத்தில் மூச்சு வாங்குவதைத் துக்கத்தின் மேலேயே போட்டுவிடாமல் ஒரு தடவை இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

"கேஸ்தான்" என்று இருந்துவிடாதீர்கள்

நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், ஓங்காளம். இவை பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கும் சீனி வியாதிக்காரருக்கும் நெஞ்சுவலி இல்லாமலே, வெறும் மூச்சிரைப்பாக, தாங்க முடியாத களைப்பாக, மேல்வயிற்று எரிவாக வருவதுண்டு. நமது ஆட்கள் உடனே "கேஸ்" என்று சொல்லி இஞ்சித் தண்ணி கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். சாவு வீடாயிருந்தால் "அழுது அழுது நெஞ்சு அடைத்துக்கொண்டது" என்பார்கள். அது துக்கத்தால் வரும் படபடப்பாகவும் இருக்கலாம், தகோட்சுபோவாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுக்காமல் வைத்தியராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு நாம் எப்படிச் சொல்வது?

உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தமிழில் கதைக்கலாமா என்று தயங்க வேண்டாம், தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்துப் பெரிய பாதை ஆகியவற்றை நிதானமாகச் சொல்லுங்கள். லயத்து வாசல் வரை வண்டி வர முடியாத இடமென்றால் நோயாளியை நடக்க வைக்காமல் நாற்காலியிலோ கம்பளியிலோ பாதை வரை தூக்கி வாருங்கள். மேட்டுப் பாதையில் நடத்திக் கூட்டிப்போவது அடைத்த இருதயத்துக்குக் கொடுக்கும் கடைசி அடி. வண்டி தாமதமானால் கிடைக்கும் வாகனத்தில், ஈ.சி.ஜி. வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியுடன் கட்டிய அதன் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியா பக்கத்தவர்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். விடியட்டும் என்று காத்திருப்பதில் இழப்பது இருதயத் தசையை.

அழுகையும் காரியமும்

துக்கத்துக்கு மருந்து கேட்டு வருபவர்கள் பலர். தூக்க மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளும் உண்டு. துக்கம் ஒரு நோயல்ல, அன்பு வைத்தவருக்கு அது வரத்தான் செய்யும். முதல் மாதங்களில் இறந்தவரின் குரல் கேட்பது, அவர் வரும் நேரத்தில் வாசலைப் பார்ப்பது, அவர் மேலேயே கோபம் வருவது எல்லாம் பைத்தியம் அல்ல.

நம் முன்னோர் இதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒப்பாரி, எட்டு, பதினாறு, கருமாதி. கோயில்காரரிடம் முப்பதாம் நாள் பூசை. ஒப்பாரி வைக்கும்போது பெண் தனியாக அழுவதில்லை, பத்துப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இறந்தவரின் நல்லதும் பொல்லாததும் வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன. இதைப் படிப்பறிவில்லாத வழக்கம் என்று கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. சில பங்குகளில் தடுத்ததும் உண்டு. வடக்கில் போரின் நடுவே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், சடங்கும் உறவும் அயலும் குலைந்துபோனதையே மக்களின் மனக்காயத்தின் பெரிய பகுதியாகக் கண்டு எழுதினார். உடல் கிடைக்காமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இது இன்னும் கொடியது. மீரியபெத்தை மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்படாமலே போன உடல்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் "பிணமில்லாமல் என்ன காரியம்" என்று தள்ளிப்போடாமல், ஒரு படத்தையோ அவர் பாவித்த கவ்வாத்துக் கத்தியையோ வைத்தாவது செபமும் காரியமும் நடக்கட்டும். முகாமின் பாடசாலை மண்டபமாக இருந்தாலும் பரவாயில்லை.

வேதாகமத்தில் நகோமியின் கதையை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாபுக்கு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் அது. அங்கே கணவன் எலிமெலேக்கு சாகிறான், பிறகு இரண்டு ஆண் பிள்ளைகளும் சாகிறார்கள். ஊர் திரும்பியபோது பெண்கள் "நகோமியா இது?" என்று கேட்க, தன்னைக் கசப்பு என்று பொருள்படும் மாரா என்ற பெயரால் கூப்பிடச் சொல்கிறாள், கடவுள் மேலேயே குறை சொல்கிறாள். அந்தப் பேச்சுக்காக அவளை யாரும் கண்டித்ததாக எழுதவில்லை. மருமகள் ரூத்து புத்தி சொல்லவில்லை. வாற்கோதுமை அறுவடைக்குப் போய்க் கதிர் பொறுக்கி, சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாள். சாவு வீட்டில் "எல்லாம் கடவுள் சித்தம், அழாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போவதில் கோயில் ஆட்களாகிய நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆண்டவரே லாசரின் கல்லறையில் அழுதார் என்பது நமக்கு மறந்துவிடுகின்றது.

ஆண்களுக்கு அழும் உரிமையையும் நாம் கொடுப்பதில்லை. அவர்கள் அதைச் சாராயத்தில் தேடுகிறார்கள். மனைவியை இழந்த ஆண் சமைக்கத் தெரியாமல், பகலில் ரொட்டியும் இரவில் கசிப்புமாக நாளைக் கழிப்பதை எந்த டிவிசனிலும் பார்க்கலாம். சாராயம் தூக்கத்தைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும், அளவு மீறினால் இருதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கும். அவருக்கு முதல் மூன்று மாதம் இரவுச் சாப்பாட்டை முறை வைத்து லயத்து வீடுகள் கொடுத்தால் அதுவே பெரிய வைத்தியம். அந்தச் சாப்பாட்டில் கருவாடும் ஊறுகாயும் குறைந்து, பருப்பும் கீரையும் கரட்டும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாமாக ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராம், தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெண்ணின் நிலை வேறு. கணவன் போனபின் நல்ல காரியங்களில் அவளைப் பின்னுக்கு நிறுத்துகிறோம். தனிமை, புகைத்தலைப் போலவே இருதயத்துக்குக் கேடு செய்யக்கூடியது. மகளின் பூப்பு நீராட்டுக்குத் தாயே மூலையில் நிற்பதைச் சமயத்தின் பெயரால் யாரும் நியாயப்படுத்த வேண்டாம்.

காசுக் கவலையும் இருதயத்தைத்தான் அரிக்கிறது. இறந்தவர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர் என்றால் ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் ஆகியவை வாரிசுகளுக்கு உரியவை. மரணச் சான்றிதழின் பிரதிகள் பலவற்றை ஒரே தடவையில் எடுத்துவைத்து, தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆவணமெல்லாம் மண்ணில் போனவர்கள் கிராம உத்தியோகத்தரிடமிருந்து தொடங்க வேண்டும். இந்த அலைச்சலுக்குத் துக்கக்காரரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

ஆறு மாதம் கடந்த பின்னும் ஏக்கம் முதல் நாள் போலவே நின்று, வேலையும் சாப்பாடும் பிள்ளைகளும் கண்ணில் படாமல் போனால், அதை நீடித்த துக்கம் என்ற நோயாகவே உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையிலுள்ள தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டு. ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போவதில் அவமானம் எதுவுமில்லை. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தினர் இரவும் பகலும் கதைப்பார்கள்.

மரக்கறி செய்யும் குடும்பங்களுக்கு இன்னொன்று. 1995இல் இந்த நாட்டின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. மிகவும் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின், 2008 முதல் 2011 வரை பரகுவாட்டையும் நிறுத்தியபின், அது வெகுவாகக் குறைந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமையே எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கின்றது. துக்க வீட்டிலுள்ள மருந்துப் போத்தல்களை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிப் பூட்டி வையுங்கள்.

அன்பியங்களும் மரண உதவிச் சங்கங்களும் முப்பத்தோராம் நாளோடு கணக்கை மூடிவிடுகின்றன. பார்க்ஸின் கணக்கில் ஆபத்தான காலம் ஆறு மாதம். ஆகவே வாரத்துக்கு ஒருவராவது அந்த வீட்டுக்குப் போய் ஒரு பிளேன்டி குடிக்கும் நேரம் உட்கார்ந்து வரும்படி பெயர்களை எழுதிக்கொள்வது நல்லது. போகிறவர் மூன்று விஷயம் கேட்டால் போதும்: சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மாத்திரை இருக்கிறதா. முதலாம் ஆண்டுத் திவசம் நெருங்கும் வாரங்களில் துக்கம் திரும்பவும் பொங்கும். அந்த மாதம் கிளினிக் நாளைத் தவற விடாமல், யாராவது கூடப் போய் பிரஷரைப் பார்த்துக் கூட்டிவர வேண்டும்.